உறையைத் தைக்கலாம், இழை வளரத்தான் வேண்டும்: குலை வெட்டுபவர் ஒருவரின் அல்நார் நரம்புக் காயம்

காயமும் முதல் சிகிச்சையும்

நோயாளிக்கு வயது 44. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் குலை வெட்டுகிறவர். வலக்கைப் பழக்கக்காரர், வெட்டுப்பட்டது இடக்கை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நன்றாக உயர்ந்துவிட்ட மரம். நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாள் மட்டையில் சிக்கிக்கொண்டது. இழுத்திருக்கிறார். மட்டையும் அரிவாளும் சேர்ந்தே இறங்கின. முகத்தைக் காக்கக் கையைத் தூக்கினார். அப்படித் தூக்கும்போது முன்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்புதான் முன்னால் நிற்கும். அல்நார் நரம்பு ஓடுவதும் அந்தப் பக்கமாகத்தான். கூட வேலை பார்த்த வங்காளதேசத்து ஆள் தன் சட்டையைக் கழற்றி இறுகக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார். அன்றிரவே ஈப்போவில் அறுவை சிகிச்சை நடந்தது.

மணிக்கட்டு மடிப்புக்கு 10 சென்டிமீட்டர் மேலே அல்நார் நரம்பு முழுசாக அறுந்திருந்தது. கூடவே அல்நார் தமனியும், மணிக்கட்டை மடக்கும் தசைநாண் ஒன்றும். மூன்றையும் சரிசெய்தார்கள். கூரான வெட்டு என்பதால் நரம்பின் இரு முனைகளையும் இழுவை இல்லாமல் நேராகச் சேர்க்க முடிந்தது. நசுங்கிப் பிய்ந்திருந்தால் வேறிடத்து நரம்பிலிருந்து துண்டெடுத்து ஒட்டு வைக்க வேண்டியிருக்கும். மூன்று வாரம் கட்டு. நான்காவது வாரம் மாவட்ட மருத்துவமனையில் எங்கள் பிசியோ பிரிவுக்கு வந்தார்.

நான்காம் வாரத்தில் கை

சுண்டுவிரல், மோதிரவிரலின் சுண்டுவிரல் பக்கப் பாதி, உள்ளங்கையின் அந்த ஓரம் மூன்றும் மரத்துப்போயிருந்தன. புறங்கையின் அதே ஓரத்திலும் உணர்வில்லை. இந்தக் கடைசி விவரத்தைக் குறித்துவைத்தேன். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே பிரிந்துவிடும். அதுவும் செயலிழந்திருந்ததால் வெட்டு அந்தக் கிளை பிரியும் இடத்துக்கும் மேலே விழுந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக் குறிப்பில் எழுதியிருந்த 10 சென்டிமீட்டரோடு இது சரியாகப் பொருந்தியது.

விரல்களை அகட்டவோ சேர்க்கவோ முடியவில்லை. சுண்டுவிரல் விலகியே நின்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தால், கட்டைவிரலின் நுனிமூட்டை மடக்கிப் பிடித்தார். கட்டைவிரலை உள்ளே சேர்க்கும் தசை அல்நார் வசம். அது வேலை செய்யாததால், கையின் இன்னொரு முக்கிய நரம்பான மீடியன் இயக்கும் மடக்குத் தசையைக் கடன் வாங்குகிறார். பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமான் 1915இல் விவரித்த அறிகுறி இது. தாளும் விரலும் இருந்தால் போதும். நூறு ஆண்டுக்கு மேலாகியும் இதற்கு மாற்று தேவைப்படவில்லை.

மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கியாக வளைந்திருந்தன. வெட்டு முழங்கையில் விழுந்திருந்தால் இந்த வளைவு குறைவாகவே இருந்திருக்கும். விரல் நுனியை மடக்கும் ஆழத்துத் தசைக்கான கிளை முழங்கை அருகிலேயே பிரிந்துவிடுகிறது. முன்கையின் கீழ்ப்பகுதியில் வெட்டுப்பட்டால் அந்தத் தசை தப்பித்து விரலை இழுத்துக்கொண்டிருக்கும், எதிர்த்து நிமிர்த்த வேண்டிய உள்ளங்கைச் சிறு தசைகளோ செத்துக் கிடக்கும். அதனால்தான் கீழே பட்ட காயத்தில் கை பார்வைக்கு அதிக விகாரமாகத் தெரிகிறது.

நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனையில் சுண்டுவிரலிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஊசிச் சோதனையில், சுண்டுவிரலை அகட்டும் தசை ஓய்விலும் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நரம்புத் தொடர்பு அறுந்த தசைநார் அப்படித்தான் செய்யும். காயம்பட்ட மறுநாளே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஏமாந்திருப்போம். துண்டிக்கப்பட்ட கீழ்ப்பகுதி சில நாட்களுக்கு மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டேதான் இருக்கும்.

“ஒட்டியாச்சே, ஏன் எரியல?”

அன்று அவர் கேட்டது: “நரம்பத் தைச்சாச்சுன்னு சொன்னாங்களே மிஸ். வயரு அறுந்தா வயர்மேன் வந்து ஒட்டிட்டுப் போறாரு, ஒடனே லைட்டு எரியுது. இது ஏன் ஒரு மாசமா இப்படியே கெடக்கு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, “தையல் சரியில்லையோன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார்.

இந்தக் காயத்தில் அபூர்வமாக எதுவும் இல்லை. ஆனாலும் இதை எழுதக் காரணம் அந்தக் கேள்வி. “நரம்பு மெதுவாகத்தான் ஆறும், பொறுமையாக இருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அது பதிலே இல்லை. ஏன் மெதுவாக என்பது நரம்பு செல்லின் வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவம் புரியாமல் ஒன்றரை ஆண்டுக்கு யாரும் தினமும் கைப்பயிற்சி செய்ய மாட்டார்கள்.

“அண்ணே, வயர் செத்த பொருள். அறுந்த இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும், ஒட்டினால் ஓடும். இது உயிருள்ள செல்லோட ஓர் அங்கம். உயிர் ஒரு பக்கம்தான் இருக்கு” என்றேன். வருகை அட்டையின் பின்புறத்தில் வரைந்தும் காட்டினேன்.

செல்லின் உடல் கழுத்தில், நுனி விரலில்

நரம்பு செல்லுக்கு, அதாவது நியூரானுக்கு, மூன்று பாகங்கள் உண்டு. உட்கருவைத் தாங்கிய செல் உடல், அதிலிருந்து கிளைத்து மற்ற நியூரான்களின் சேதியை வாங்கும் டெண்ட்ரைட்டுகள், சேதியை வெளியே கொண்டுபோகும் ஒற்றை நீள இழையான ஆக்ஸான். பள்ளிப் புத்தகத்தில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. அந்தப் படம் அளவைப் பொறுத்தவரை பெரிய பொய்.

இவருடைய கைத்தசையை இயக்கும் நியூரானின் செல் உடல் கையில் இல்லை, முன்கையிலும் இல்லை. கழுத்தும் முதுகும் சேரும் உயரத்தில், தண்டுவடத்தின் முன்பக்கச் சாம்பல் பகுதியில் இருக்கிறது. எட்டாம் கழுத்து நரம்பும் முதல் மார்பு நரம்பும் கிளம்பும் இடம். அதன் குறுக்களவு 0.1 மில்லிமீட்டர்கூட வராது. அங்கிருந்து புறப்படும் ஆக்ஸான் அக்குளைக் கடந்து, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் போய், முன்கையில் இறங்கி, உள்ளங்கைத் தசையில் முடிகிறது. வளர்ந்த ஆளின் கையில் இது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். செல் உடலின் குறுக்களவைப்போல எட்டாயிரம் மடங்குக்கு மேல் நீண்ட ஒற்றை இழை, நடுவில் இணைப்பே இல்லாமல், ஒரே செல்.

டெண்ட்ரைட்டுகளிலும் செல் உடலிலும் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் (மற்ற நியூரான்கள் சேதி கொடுக்கும் சந்திப்புகள்) வந்து சேர்கின்றன. தூண்டுவதும் தடுப்பதுமாக வந்த எல்லாம் கூடி, ஆக்ஸான் கிளம்பும் அடிப்பகுதியில் வரம்பைத் தாண்டினால் அங்கிருந்து ஒரு மின்துடிப்பு புறப்படும். அது கடைசி நுனியை அடைந்ததும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகித் தசைநார் சுருங்குகிறது.

தொடு உணர்வைக் கொண்டுவரும் நியூரான் இன்னும் விநோதமானது. அதன் செல் உடல் தண்டுவடத்துக்குள்ளும் இல்லை, முதுகெலும்பை ஒட்டிய சிறு முடிச்சில் இருக்கிறது. உடலிலிருந்து ஒரே காம்பு கிளம்பி இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை சுண்டுவிரல் நுனிவரை, மற்றது தண்டுவடத்துக்குள். விரலில் தொட்ட சேதி செல் உடலுக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. அதை ஒட்டிக் கடந்துபோய்விடும். செல் உடலின் வேலை இழைக்குத் தீனி போடுவது.

அந்தத் தீனிதான் இந்த நோயாளியின் கதை. புரதம் செய்யும் பட்டறை பெரும்பாலும் செல் உடலில் இருக்கிறது. செய்த பொருளை ஆக்ஸானுக்குள் நீளவாக்கில் கிடக்கும் நுண்குழல்களைப் பிடித்து நகர்த்துகிறார்கள் கைனெசின் என்ற இயக்கப் புரதங்கள். நுனியிலிருந்து உடலுக்குச் சேதியையும் கழிவையும் திருப்பி எடுத்துவருபவர்கள் டைனீன்கள். (ஆட்களைப்போல எழுதிவிட்டேன், மூலக்கூறுகள்தான்.) பைகளில் அடைத்த சரக்கு நாளுக்கு 400 மில்லிமீட்டர்வரை போகும். இழையின் சட்டகமாக அமையும் புரதங்களோ நாளுக்குச் சில மில்லிமீட்டரே நகரும். முறிந்த ஆக்ஸான் திரும்ப வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்று எல்லா மருத்துவ நூல்களும் சொல்வதை இந்த மெதுவான ஓட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆக்ஸானைச் சுற்றி ஷ்வான் செல்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்கள் சவ்வையே பலமுறை சுற்றி மயலின் உறையாக்குகின்றன. ஒரு ஷ்வான் செல் அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் அளவு நீளத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு உறைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி ரன்வியர் கணு. மின்துடிப்பு கணுவுக்குக் கணு தாவுவதால்தான் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் வேகம் கிடைக்கிறது. மயலின் இல்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான்.

இப்போது தையலுக்கு வருவோம். உருப்பெருக்கியின் கீழே அறுவை மருத்துவர் தைத்தது நரம்புத் தண்டின் வெளியுறையை. உள்ளே ஆயிரக்கணக்கான ஆக்ஸான்கள். மயலினோடு சேர்த்தாலும் மிகப் பெரிய ஆக்ஸான் 0.02 மில்லிமீட்டர் தடிமன். நரம்பு தைக்கும் 9-0 நூல் 0.03 மில்லிமீட்டர். நூலே இழையைவிடத் தடிமன். ஆக்ஸானை ஆக்ஸானோடு தைக்க எவராலும் முடியாது. தைத்தால் வழி நேராகும், அவ்வளவே. அந்த வழியில் நடக்க வேண்டியது கழுத்திலிருக்கும் செல்.

அட்டையைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தவர், “அப்ப கை செத்துப்போச்சு, கழுத்து உசுரோட இருக்கு. அதானே?” என்றார். அதேதான்.

வெட்டுக்கு அப்பால் நடந்தது

செல் உடலிலிருந்து பிரிந்த கீழ்ப்பகுதி ஆக்ஸான் சில நாட்களில் துண்டு துண்டாகச் சிதைகிறது. லண்டனில் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து 1850இல் இதை எழுதினார். இன்றும் அது வாலர் சிதைவு. சிதைந்த மயலினை ஷ்வான் செல்களும் வெள்ளணு வகையைச் சேர்ந்த பெருவிழுங்கிகளும் தின்று சுத்தப்படுத்துகின்றன. பிறகு ஷ்வான் செல்கள் சாகாமல் பெருகி, காலியான குழாய்க்குள் வரிசைகட்டி நின்று வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. இழை போய்விட்டது, வழி மிஞ்சியிருக்கிறது.

மேலே, செல் உடலும் சும்மா இல்லை. அது வீங்கும், உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கும், மேலே ஒட்டியிருந்த சினாப்ஸ்களில் பல கழன்றுகொள்ளும். சேதி கடத்துகிற வேலையை நிறுத்திவிட்டு இழை கட்டுகிற வேலைக்கு மாறுகிறது. காயம் செல் உடலுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அந்தச் செல் செத்துப்போகும் ஆபத்து அதிகம். முன்கையில் பட்டது என்பது இவருடைய அதிர்ஷ்டம்.

அறுந்த மேல்முனையில் வளர்கூம்பு உருவாகிறது. விரல்போன்ற நீட்சிகளை நீட்டி, தடவிப் பார்த்து, ஷ்வான் செல்களின் வரிசையைப் பிடித்து முன்னேறும் நுனி. அதைக் கண்டு பெயரிட்டவர் ஸ்பெயின்காரர் ரமோன் இ காஹால், 1890இல். அவருக்கும் இத்தாலியரான கால்ஜிக்கும் 1906இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள், நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே பின்னலா, தனித்தனிச் செல்களா என்பதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை என்றாலும். அறுந்த கீழ்த்துண்டு தானே புது இழையைச் செய்துகொள்ளும் என்று அப்போது வாதிட்டவர்களும் உண்டு. நம்முடைய குலை வெட்டுபவரின் சந்தேகத்துக்கு ரொம்பத் தூரம் இல்லை அது. அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் 1907இல் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீரில் வைத்து, செல்லிலிருந்தே இழை நீள்வதைக் கண்ணால் பார்த்துக் காட்டினார்.

மாதக் கணக்கு

கணக்கு எளிது. வெட்டிலிருந்து மணிக்கட்டுக்கு 10 சென்டிமீட்டர், சுண்டுவிரல் நுனிக்கு ஏறக்குறைய 25. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், ஆரம்பத் தாமதத்துக்கு ஒரு மாதம். மணிக்கட்டுக்கு நான்கைந்து மாதம், விரல் நுனிக்கு ஒன்பது பத்து மாதம். அட்டையில் இதையும் எழுதிக் கொடுத்தேன்.

பின்தொடர நம்மிடமிருக்கும் கருவி ஒரு விரல் நுனி. நரம்பு போகும் பாதையில் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்தால், வளர்நுனி இருக்கும் இடத்தில் சுரீரென்று சுண்டுவிரலுக்கு மின்சாரம் பாய்வதுபோல இருக்கும். மயலின் இன்னும் சுற்றப்படாத இளம் இழை தட்டினாலே துடிக்கிறது. 1915இல், முதல் உலகப் போரின் காயங்களைப் பார்த்துக்கொண்டிருந்த டினெல் பிரான்சிலும் ஹாஃப்மன் ஜெர்மனியிலும் தனித்தனியே இதை எழுதினார்கள். எதிரெதிர்ப் படைகள், ஒரே அறிகுறி.

மூன்றாம் மாதம் அந்தப் புள்ளி வெட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஐந்தாம் மாதம் மணிக்கட்டைத் தாண்டியது. அன்று நான் தட்டியதும் கையை உதறிக்கொண்டு சிரித்தார். பேனாவால் தோலில் குறி வைத்து அளந்ததை அவர் மனைவி கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தையலைப் பற்றிய பேச்சு வீட்டில் வரவில்லையாம். ஏழாம் மாதம் சுண்டுவிரல் மேட்டுத் தசையில் முதல் அசைவு. எட்டாம் மாத ஊசிச் சோதனையில், புதிதாகத் தொடர்பு கிடைத்த தசைக்கே உரிய சிதறலான சிறு அலைகள்.

தசை எவ்வளவு நாள் காத்திருக்கும் என்பது அடுத்த கவலை. தொடர்பில்லாத தசையின் இணைப்புத் தளங்கள் 12 முதல் 18 மாதத்துக்குள் பயனற்றுப்போகின்றன. அதன் பிறகு ஆக்ஸான் வந்து சேர்ந்தாலும் பலனில்லை. இதே காயம் அக்குளில் பட்டிருந்தால் இழை உள்ளங்கைக்கு வருவதற்குள் காலம் தீர்ந்திருக்கும். தோலின் உணர்வுக்கு இவ்வளவு கறாரான கெடு இல்லை.

காத்திருந்த காலத்தில் செய்தது

மூட்டுகள் இறுகிவிட்டால் நரம்பு வந்தும் வீண். அதனால் விரல்கள் கொக்கியாக நிற்காதபடி விரலடி மூட்டைச் சற்று மடக்கி வைக்கும் ஸ்பிளின்ட், மறுகையால் ஒவ்வொரு மூட்டையும் முழுசாக மடக்கி நிமிர்த்தும் பயிற்சி. மின்தூண்டல் கேட்டார், தசையை உயிரோடு வைக்கும் என்று அதை நம்பி இருக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று சொல்லி, நேரத்தைப் பயிற்சிக்கே கொடுத்தோம். உருட், அதாவது மசாஜ், பிடிக்கலாமா என்றார்கள். எண்ணெய் தேய்த்துத் தோலைத் தளர்த்துவதில் தவறில்லை, தையல் போட்ட இடத்தை அழுத்திப் பிடிக்கவே கூடாது.

ஆறாம் மாதம் சுண்டுவிரலில் கொப்புளத்தோடு வந்தார். தேநீர்க் கெண்டியில் விரல் ஒட்டிக்கொண்டிருந்ததே தெரியவில்லை. உணர்வில்லாத தோலைக் கண்ணால்தான் காக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லியிருந்தும் பலருக்கு ஒருமுறை சுட்ட பிறகுதான் உறைக்கிறது.

இரண்டு விஷயங்களை மருந்துப் பையிலிருந்து கண்டேன். ஒன்று, மருந்தகத்தில் வாங்கிய ‘நரம்பு’ வைட்டமின் மாத்திரைகள், இரண்டு வகை, இரண்டிலும் பி6. “நரம்புக்குத்தானே மிஸ், நல்லதுதானே?” குறைபாடு இல்லாதவருக்கு இதனால் இழை வேகமாக வளர்ந்துவிடாது. அளவு மீறி நீண்டநாள் தின்றால் பி6 உணர்வு நியூரான்களையே கெடுக்கும். முதுகெலும்பருகே முடிச்சில் இருக்கும் அந்தச் செல் உடல்களுக்கு, தண்டுவடத்துக்குள் இருப்பவற்றுக்குள்ள இரத்தத் தடுப்பு அரண் கிடையாது. நிறுத்தச் சொன்னேன்.

மற்றது, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். அறுவை சிகிச்சைக்கு முன்பு எடுத்த இரத்தச் சோதனையில்தான் முதன்முதலாகத் தெரியவந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது, இந்தியரான நம்மவரிடம் இன்னும் அதிகம். சர்க்கரை ஆக்ஸான் வளர்ச்சியையும் மட்டுப்படுத்துகிறது. அதனால் கைக்கு வந்தவரின் காலையும் பார்த்தேன்: பெருவிரல்களில் அதிர்வு உணர்வு குறைந்திருந்தது. காலுக்குப் போகும் ஆக்ஸான்தான் உடம்பிலேயே நீளம், ஒரு மீட்டர் அளவு. தீனி தூரத்துக்குப் போய்ச் சேராதபோது நுனி முதலில் வாடுகிறது. சர்க்கரை நோயில் மரப்பு பாதத்தில் தொடங்கிக் காலுறையின் வடிவில் மேலேறுவதற்கு இந்த நீளமே காரணம். கையில் அரிவாள் ஒரு நொடியில் செய்ததை, சர்க்கரை காலில் ஆண்டுக்கணக்கில் செய்யப் பார்க்கிறது. அவரைக் கிளினிக்கில் சர்க்கரைப் பதிவில் சேர்த்தோம். முழுக் கதையில் நீண்டநாள் பயன் தரப்போவது இதுவாகக்கூட இருக்கலாம்.

உணர்வு திரும்பத் தொடங்கியதும் புதிய சிக்கல். சுண்டுவிரலைத் தொட்டால் மோதிரவிரல் என்றார். வளர்ந்து வந்த ஆக்ஸான்கள் எல்லாம் தங்கள் பழைய குழாய்க்குள்ளேயே போவதில்லை. தசைக்குரியது தோலுக்கும், ஒரு விரலுக்குரியது பக்கத்து விரலுக்கும் போய்விடும். மூளையிடம் இருப்பதோ பழைய வரைபடம். கண்ணை மூடிக்கொண்டு 10 சென் காசு எது 50 சென் காசு எது, அரிசி எது பயறு எது என்று தடவிச் சொல்வது, பிறகு கண்ணைத் திறந்து சரிபார்ப்பது. வீட்டில் பிள்ளைகள் இதைப் போட்டியாகவே நடத்தினார்களாம். எங்கள் பிரிவில் செய்ததைவிட அங்கே செய்ததே அதிகம்.

பதினெட்டாம் மாதம்

பிடியின் பலம் வலக்கையோடு ஒப்பிட்டால் 70 விழுக்காடு. சுண்டுவிரல் மேட்டுத் தசை எதிர்ப்பைத் தாங்குகிறது. ஆள்காட்டி விரலை விலக்கும் தசை, நரம்பின் கடைசி முனையில் இருப்பது, ஈர்ப்புக்கு எதிராக அசைகிறது, எதிர்ப்பைத் தாங்கவில்லை. கட்டைவிரல் இடுக்கில் பள்ளம் அப்படியே இருக்கிறது. ஃப்ரோமான் அறிகுறி முழுசாகப் போகவில்லை. விரல் நுனியில் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக உணர 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டியிருக்கிறது. 6க்குள் இருப்பது இயல்பு. குளிரில் கை வலிக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, முழு வெட்டுக்கு, இது நல்ல விளைவு என்றே சொல்வேன். சின்னப் பிள்ளையாக இருந்தால் இதைவிடத் தேறியிருக்கும்.

கம்பு பிடித்து உயர மரம் வெட்டும் வேலைக்கு அவர் திரும்பவில்லை. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். மருத்துவ விடுப்பில் இருந்த காலத்துக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ தற்காலிக இயலாமைத் தொகை கொடுத்தது. நிரந்தர இயலாமை மதிப்பீட்டுக்காக அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் தசைக் குறைபாட்டை இறுதியானது என்றும், உணர்வை இன்னும் மாறக்கூடியது என்றும் பிரித்தே எழுதினேன். இனி அவர் வருவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விரல் நுனியின் உணர்வையும் இரண்டு பாதங்களையும் பார்க்க.